தொட்டியில் கேரட்டுக்கு மூன்று கால், முள்ளங்கியில் இலை மட்டும்: எங்கே தப்பு?

மாடிப்பச்சை:

வணக்கம். 12 இன்ச் அகலம், 12 இன்ச் உயரத்தில் நான்கு க்ரோ பேக் (செடி வளர்க்கும் பை) வைத்திருக்கிறேன். தண்ணீர் வடிவதற்காக அடியில் 2 இன்ச் ஜல்லி போட்டிருக்கிறேன். அதன்மேல் தோட்டத்து மண், கோகோபீட் (தென்னை நார்க்கழிவு), மாட்டு எரு மூன்றும் சம பங்கு. காலை 7 முதல் 11 வரை நேரடி வெயில் விழும். 10 நாளுக்கு ஒருமுறை மீன் அமிலம் (மீனும் வெல்லமும் சேர்த்து ஊறவைத்த திரவ உரம்) ஊற்றுகிறேன்.

கேரட் விதையை ட்ரேயில் முளைக்க வைத்து, மூன்று இலை வந்ததும் பைக்கு மாற்றினேன். பிடுங்கிப் பார்த்தால் எல்லாம் இரண்டு கால், மூன்று கால். மேலெல்லாம் முடி முடியாகச் சல்லிவேர். முள்ளங்கி நேரடி விதைப்புதான். 50 நாள் ஆகியும் இலை முழங்கால் உயரம், கிழங்கு பென்சில் பருமன். பீட்ரூட்டில் ஒரு விதைக்கு மூன்று நான்கு முளை வந்தது, அப்படியே விட்டேன். கோலிக்குண்டு அளவைத் தாண்டவில்லை.

பை சிறியதா? உரம் போதவில்லையா? இந்தக் கலவையையே அடுத்த முறைக்கும் வைத்துக்கொள்ளலாமா?

-----

மண்கிளறி:

உரம் போதவில்லை என்பது மட்டும் நிச்சயமாக இல்லை, கூடிப்போய்விட்டது. பையின் அளவும் மோசமில்லை. ஆனால் 12 இன்ச் என்று நீங்கள் சொல்லும் பையில் வேருக்கு எவ்வளவு ஆழம் கிடைத்தது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அடியில் ஜல்லி 2 இன்ச். கோகோபீட்டும் எருவும் கலந்த கலவை நாலைந்து முறை தண்ணீர் விட்டதும் ஒன்றரை இன்ச்சாவது இறங்கும். மேலே தண்ணீர் நிற்க ஓர் இன்ச் விட்டிருப்பீர்கள். மிச்சம் ஏழரை இன்ச். நான்டிஸ் ரகக் கேரட்டே 6, 7 இன்ச் நீளம் போகும், அதற்குக் கீழே நுனிவேர் இன்னும் இறங்க வேண்டும். இடம் எங்கே?

கேரட் ஏன் கவை விடுகிறது என்பதை அந்தக் கேரட்டே சொல்லிவிடும். ஆணிவேர் நுனியில்தான் நீளும். நுனி எந்த ஆழத்தில் செத்ததோ, அல்லது எதிலாவது முட்டியதோ, அந்த இடத்தில்தான் பக்கவேர்கள் தலையெடுத்துப் பருக்கும். பிடுங்கிய கேரட்டைக் கையில் வைத்து, தோளிலிருந்து (இலை தொடங்கும் மேல்முனை) கவை பிரியும் இடம் வரை அளந்து பாருங்கள். 2, 3 செ.மீ.யிலேயே பிரிந்திருந்தால் நாற்றாக இருக்கும்போதே அடிபட்டது என்று அர்த்தம்: ட்ரேயிலிருந்து பிடுங்கி நட்டது, அல்லது மட்காத எரு நுனியைச் சுட்டது. பாதியில் பிரிந்திருந்தால் கல், கட்டி, எருக்கட்டி. அடி நுனியில் மட்டும் வளைந்தோ பிளந்தோ இருந்தால் ஜல்லியில் முட்டியிருக்கிறது.

கேரட்டை நாற்றுவிட்டு நடவே கூடாது. மேலே மூன்று இலை தெரியும்போது கீழே ஆணிவேர் ட்ரேயின் அடியைத் தொட்டு மடங்கியிருக்கும். அதற்கப்புறம் எவ்வளவு பதமாக நட்டாலும் நிமிராது. வளர வேண்டிய பையிலேயே விதைத்துவிடுங்கள்.

உங்கள் பையின் கொள்ளளவு ஏறக்குறைய 22 லிட்டர். 20 லிட்டர் கலவைக்கு நான் சொல்லும் அளவு இது: கழுவிய கோகோபீட் 8 லிட்டர், சலித்த தோட்டத்து மண் 5 லிட்டர், நன்றாக மட்கிய மண்புழு உரம் 4 லிட்டர், பருமணல் 3 லிட்டர். கூடவே வேப்பம் புண்ணாக்குத் தூள் 50 கிராம். மண்ணையும் உரத்தையும் 5 மி.மீ. கண் உள்ள சல்லடையில் சலிப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள், கேரட்டுக்குப் பாதி வேலை அதுதான். மணல் என்றால் பருமணல். பூச்சு வேலைக்கு வரும் நைசு மணலைப் போட்டால் கலவை சிமென்ட் மாதிரி இறுகிவிடும். கலந்து, ஈரமாக்கி, பையில் நிரப்பி, இரண்டு வாரம் சும்மா போட்டு வையுங்கள். புண்ணாக்கு மட்கும்போது கிளம்பும் சூடு அதற்குள் தணிந்துவிடும், கலவையும் இறங்க வேண்டிய அளவு இறங்கிவிடும். இறங்கிய இடத்துக்கு மேலே நிரப்பிவிட்டு அதன்பிறகு விதையுங்கள்.

சல்லிவேர் முடிபோல வந்தது இலையை வளர்க்கும் தழைச்சத்து மிகுதியாலும் ஓயாத ஈரத்தாலும். ஆனால் அந்த முடிகளில் கடுகு அளவுக்கு முடிச்சு முடிச்சாக ஏதாவது தெரிகிறதா? தெரிந்தால் கதை வேறு, அது வேரைத் தாக்கும் நூற்புழு. பார்த்துச் சொல்லுங்கள்.

-----

நீர்மட்டம்:

ஜல்லி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எந்தத் தொட்டியைப் பற்றிப் பேசினாலும் இந்த அறிவுரை வந்துவிடுகிறது, அது தவறு.

ஈரமான ஒரு ஸ்பாஞ்சைத் தட்டையாகப் பிடித்தால் சொட்டுச் சொட்டாக வடிந்து நின்றுவிடும். அப்போதும் அடிப்பகுதி சொதசொதவென்றுதான் இருக்கும். தொட்டிக் கலவையும் அதேதான். வடிய வேண்டியது வடிந்தபிறகும் அடியில் ஒரு பட்டை அளவுக்கு நீர் நிறைந்தே நிற்கும். அந்தப் பட்டையின் உயரம் கலவை எவ்வளவு நைசு என்பதைப் பொறுத்தது, கீழே என்ன போட்டிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்ததல்ல. நுண்துளையில் நிற்கும் நீர் பெரிய இடைவெளி உள்ள ஜல்லிக்குள் தானாக இறங்காது. ஆகவே ஜல்லி போட்டால் அந்தச் சொதசொத பட்டை 2 இன்ச் மேலே ஏறி, கேரட்டின் நுனி இருக்கும் இடத்துக்கே வந்துவிடும். வடிகாலுக்கு என்று போட்டது வேரை அழுக வைக்கிறது.

அடியில் 1 செ.மீ. அளவில் ஐந்தாறு துளை, மண் ஒழுகாமல் இருக்க ஒரு துண்டு வலை, அவ்வளவு போதும். பையைத் தரையில் ஒட்டி வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தரையோடு ஒட்டினால் துளை அடைபடும்.

தண்ணீர் விடும்போது அடித்துளையில் வழியும் வரை விட்டு, மேலே 2 செ.மீ. காய்ந்தபிறகு அடுத்த முறை. விரலைவிட நம்பகமானது பையின் கனம். நிறையத் தண்ணீர் விட்டதும் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பாருங்கள், மறுநாளும் தூக்குங்கள். நாலு நாளில் கைக்கே தெரிந்துவிடும். காயவிட்டுக் காயவிட்டுத் திடீரென்று குடம் குடமாக ஊற்றினால் கிழங்கு நெடுக்காக வெடிக்கும். உள்சதை வேகமாகப் பருக்கும்போது தோல் ஈடுகொடுக்காததுதான் காரணம். துணிப்பை என்றால் பக்கவாட்டிலும் காயும், வெயிலில் ஒரே நாளில் வறண்டுவிடும். கறுப்புப் பை என்றால் வெயில் படும் பக்கம் ஒரு கோணியைச் சுற்றிவிடுங்கள், வேர் வேகாது.

-----

சாம்பல்_சட்டி:

மேலே இரண்டு பேரும் கேரட்டைப் பார்த்துட்டாங்க. நான் முள்ளங்கி, பீட்ரூட்டுக்கு வர்றேன்.

முள்ளங்கி இலையா போறதுக்கு உங்க விவரத்துலயே மூணு காரணம் இருக்கு. வெயில் 4 மணி நேரம்தான், கிழங்குக்குக் குறைஞ்சது 6 வேணும். கலவையில மூணுல ஒரு பங்கு எரு, அதுக்கு மேல 10 நாளுக்கு ஒரு தடவை மீன் அமிலம், ரெண்டுமே தழைச்சத்து. மூணாவது நெருக்கம். எத்தனை செடி விட்டீங்கன்னு நீங்க எழுதல, ஆனா கலைச்சு விட்டதாவும் எழுதல.

சின்ன சிவப்பு உருண்டை ரகம்னா செடிக்குச் செடி 5 செ.மீ., நீளமான வெள்ளை ரகம்னா 10 செ.மீ. முளைச்சு 7லிருந்து 10 நாளுக்குள்ள, முதல் நிஜ இலை வரும்போதே கலைச்சிடணும். "பாவம், முளைச்சதாச்சே"ன்னு ரெண்டு வாரம் தள்ளிப்போட்டா அதுக்குள்ள முள்ளங்கி முடிவு பண்ணிடும். பிடுங்காதீங்க, பக்கத்துச் செடியோட வேர் ஆடிப்போகும். கத்தரிக்கோலால மண்மட்டத்துல வெட்டிவிடுங்க.

இன்னொண்ணு. முள்ளங்கியிலயும் பீட்ரூட்டிலயும் மேல்பகுதியில பருக்கிறது முழுக்க வேர் இல்ல, விதையிலைக்குக் கீழ இருக்குற தண்டும் சேர்ந்துதான் பருக்குது. நிழல்ல முளைச்ச நாத்து அந்தத் தண்டை நூல் மாதிரி நீட்டி ஒரு பக்கமா சாஞ்சிடும், அப்புறம் அது உருண்டையா திரளாது. அப்படி நீண்டிருந்தா விதையிலை வரைக்கும் நைசா மண் அணைச்சுவிடுங்க. முழுசா சரியாகாது, ஆனா பாதி தேறும்.

அறுவடை நாள் தாண்டக் கூடாது. சிவப்பு உருண்டை 25-30 நாள், நீள வெள்ளை 45-60 நாள். தாண்டினா உள்ள பஞ்சு பிடிச்சிடும். வெப்பத்துல வளர்ந்தா காரமும் ஏறும்.

பீட்ரூட்டுல நீங்க விதைன்னு போடுறது ஒரு விதை இல்ல, சில காய் ஒண்ணா ஒட்டின கொத்து. அதனாலதான் ஒரே இடத்துல நாலு முளை. அதுல ஒண்ணைத் தவிர மத்ததை வெட்டியே ஆகணும். விதைக்கிறதுக்கு முன்னாடி ராத்திரி முழுக்க ஊறவெச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு நல்லா அலசிட்டுப் போடுங்க. கொத்தோட ஓட்டுல முளைப்பைத் தடுக்குற பொருள் இருக்கு, அலசினா போயிடும். 1.5 செ.மீ. ஆழம், 8-10 செ.மீ. இடைவெளி. உங்க பைக்கு 6 செடி, அதுக்கு மேல ஆசைப்படாதீங்க. இதை மட்டும் நாத்து விட்டும் நடலாம், ரெண்டு மூணு இலைப் பருவத்துல, வேரோட மண் உதிராம. 55-70 நாள்ல 5, 6 செ.மீ. விட்டம் வந்ததும் எடுத்திடுங்க.

வெட்டினா உள்ள கறுப்புப் புள்ளி, கார்க் மாதிரி கட்டி இருந்தா போரான் குறைவு. 1 லிட்டர் தண்ணிக்கு 1 கிராம் வெண்காரம் (போராக்ஸ்) கலந்து இலையில ஒரே ஒரு தடவை தெளிச்சாப் போதும். 1 கிராம்னா 1 கிராம்தான், ஸ்பூன் கணக்குல கண்ணால அளக்காதீங்க. போரான்ல குறைவுக்கும் நஞ்சுக்கும் நடுவுல இடைவெளி ரொம்பக் கம்மி. வெள்ளை வளையம் வளையமா தெரிஞ்சா அதுக்கு மருந்து கிடையாது, கிழங்கு பருக்குற நேரத்துல வெப்பம் அதிகம். சாப்பிடலாம், ஒண்ணும் ஆகாது.

-----

மாடிப்பச்சை:

மூவருக்கும் நன்றி. கேரட்டை அளந்தேன். பெரும்பாலும் 2 செ.மீ.யிலேயே பிரிந்திருக்கிறது, இரண்டு மட்டும் அடியில் வளைந்திருக்கின்றன. முடிச்சு எதுவும் இல்லை. பையின் வெளிப்பக்கமும் மண்ணின் விளிம்பும் வெள்ளையாகப் பூத்திருக்கிறது, ஆழ்துளைக் கிணற்று நீர். அது ஒரு பிரச்சினையா?

ஒரு முறை கேரட்டை நேரடியாகத் தூவிப் பார்த்ததில் பத்தில் ஒன்றுதான் முளைத்தது. அதனால்தான் ட்ரேக்குப் போனேன். அதற்கு என்ன செய்வது?

-----

மண்கிளறி:

2 செ.மீ. என்றால் சந்தேகமே வேண்டாம், நாற்று மாற்றியதுதான்.

கேரட் முளைக்காததற்கு முதலில் பாக்கெட்டில் தேதியைப் பாருங்கள். கேரட் விதை 2, 3 வருடம்தான் தாங்கும். விதை புதிதாக இருந்தும் முளைக்கவில்லை என்றால் மேல்மண் காய்ந்திருக்கிறது. விதை மிகச் சிறியது, அரை செ.மீ. ஆழத்தில்தான் இருக்கிறது, முளைக்க 7 முதல் 21 நாள் எடுக்கும். இந்த இடைவெளியில் ஒரு மதியம் மேல்மண் வறண்டாலும் வெடித்த விதை செத்துவிடும். அல்லது மேலே பொருக்குத் தட்டி, முளையால் தள்ளிக்கொண்டு வர முடியாமல் போகும்.

செய்முறை இது. பையை முந்தின நாளே அடிவரை நனைத்து வையுங்கள். 5 செ.மீ. இடைவெளியில் அரை செ.மீ. ஆழத்தில் கோடு கீறி, 2 செ.மீ.க்கு ஒரு விதை விழும்படி தூவுங்கள். தூவ வராவிட்டால் ஒரு சிட்டிகை விதையை ஒரு கைப்பிடி உலர்ந்த மணலில் கலந்து தூவலாம். மேலே மூடுவதற்கு மண் வேண்டாம், சலித்த கோகோபீட் மட்டும், பொருக்கே தட்டாது. உள்ளங்கையால் லேசாக அழுத்திவிடுங்கள். விதை ஈரத்தோடு ஒட்ட வேண்டும். அதன்மேல் நனைத்த கோணி. காலை மாலை கோணி மேலேயே பூவாளியால் தெளியுங்கள்.

ஐந்தாம் நாளிலிருந்து தினமும் இரண்டு முறை கோணியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கொக்கி மாதிரி வளைந்த வெள்ளைத் தண்டு ஒன்று தெரிந்தாலும் அன்று மாலையே கோணியை எடுத்துவிடுங்கள், மிச்சம் முளைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு நாள் தாமதித்தால் முளை கோணி இழைக்குள் நுழைந்துவிடும், எடுக்கும்போது கொத்தோடு வரும். எடுத்தபின் ஈரம் அளவாக. அளவு மீறினால் தண்டு மண்மட்டத்தில் இளைத்துச் சாய்ந்து விழும் நாற்றழுகல் வரும்.

மண்ணின் வெப்பம் 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் இருந்தால் முளைப்பு நன்றாக இருக்கும். 35 டிகிரியை ஒட்டிப் போனால் விதைக்காமல் இருப்பதே மேல். அந்த நாட்களில் பையைச் சோம்பலாக விடாமல் வேறு ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள்.

கலைப்பது இரண்டு தவணை. 5 செ.மீ. உயரத்தில் 2-3 செ.மீ. இடைவெளிக்கு, அதிலிருந்து மூன்று வாரம் கழித்து 5 செ.மீ. இடைவெளிக்கு. விளிம்பில் கொஞ்சம் இடம் விட்டால் உங்கள் பையில் 20 கேரட் நிற்கும். ஆழம் போதாதே என்ற கவலை இருந்தால் ஷான்டனே மாதிரி குட்டையான கூம்பு ரகம் அல்லது உருண்டை ரகம் போடுங்கள், நீள ரகத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். தோள் மண்ணுக்கு மேலே எட்டிப் பார்த்தால் கோகோபீட்டால் மூடிவிடுங்கள், வெயில் பட்டால் பச்சையாகிக் கசக்கும்.

மேலுரம்: விதைத்து 30ஆம் நாளில் பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம், அத்தோடு சரி. மீன் அமிலத்தைக் கீரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாம்பல் போடலாமா என்று கேட்பார்கள். சாம்பலில் பொட்டாஷ் உண்டு, ஆனால் மண்ணின் காரத்தன்மையை ஏற்றும். உங்கள் நீர் வெள்ளை பூக்கிற நீர், ஆகவே உங்களுக்கு வேண்டாம்.

-----

நீர்மட்டம்:

அந்த வெள்ளை பூப்பு உப்பு. நீரோடு வந்தது, நீர் ஆவியானதும் தங்கிவிட்டது. தொட்டி மண்ணில் அது சேர்ந்துகொண்டே போகும், தானாக எங்கும் போகாது.

இதில் மூன்று பயிரும் ஒரே ரகம் இல்லை. மண்ணில் உப்பு எவ்வளவு என்று காட்டும் அளவான மண் சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 1 டெசிசீமன்ஸ் தாண்டினாலே கேரட் விளைச்சல் குறையத் தொடங்கும், முள்ளங்கிக்கு அது 1.2. பீட்ரூட் 4 வரை அசையாது. உப்பு நீர்தான் கதி என்றால் பீட்ரூட்டுக்கு முதலிடம் கொடுங்கள், மழைநீரோ வேறு நல்ல நீரோ கிடைப்பதைக் கேரட்டுக்கு ஒதுக்குங்கள்.

விதைக்கும் முன் ஒருமுறை அலசலாம். பையிலுள்ள 20 லிட்டர் கலவையைப் போல இரண்டு மடங்கு நல்ல நீர், அதாவது 40 லிட்டர், நாலைந்து தவணையாக விட்டு முழுவதும் வடிய விடுங்கள். வடிந்த நீரைத் தட்டில் நிற்க விட்டால் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். கோகோபீட்டிலும் உப்பு இருக்கும். கட்டியை ஊறவைத்துப் பிழிந்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, இன்னும் இரண்டு முறை அதேபோல் செய்தபின் கலவையில் சேருங்கள். அலசும்போது சத்தும் கொஞ்சம் போகும் என்பதால் மண்புழு உரத்தை அலசி முடித்தபின் கலக்கவும்.

-----

புதுத்தளிர்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இதே 20 லிட்டர் பையில் உருளையும் சர்க்கரைவள்ளியும் வருமா?

-----

சாம்பல்_சட்டி:

உருளை வரும், ஆனா பைக்கு ஒரே ஒரு விதைக்கிழங்கு. 40-50 கிராம், ரெண்டு மூணு கண் இருக்கணும். பையில 10 செ.மீ. கலவை போட்டு, கிழங்கை வெச்சு, மேல இன்னொரு 10 செ.மீ. மூடுங்க. தண்டு 15-20 செ.மீ. வந்ததும் நுனி இலைக்கொத்து மட்டும் தெரியுற மாதிரி கலவையால அணைச்சுக்கிட்டே வாங்க, பை நிறையுற வரைக்கும். உருளை வேர் இல்லை, மண்ணுக்குள்ள ஓடுற தண்டோட நுனி பருக்கிறது. அணைக்கலைன்னா வெளிய எட்டிப் பார்த்துப் பச்சையாகிடும், பச்சையான உருளை நஞ்சு. பையை ஆள் உயரத்துக்கு அடுக்கினா மாடி மாடியா காய்க்கும்னு சொல்றதை நம்பி மண்ணை வீணாக்காதீங்க. ராத்திரி வெப்பம் 20 டிகிரிக்கு மேலயே நின்னா கொடி நல்லா வரும், கிழங்கு இறங்காது.

சர்க்கரைவள்ளிக்கு இந்தப் பை சின்னது. 40 லிட்டர், அகலமா இருந்தா நல்லது. 20-25 செ.மீ. கொடித்துண்டுல ரெண்டு மூணு கணு மண்ணுக்குள்ள போற மாதிரி சாய்ச்சு நடுங்க. 100-120 நாள். கொடி பக்கத்துத் தொட்டியில படர்ந்து கணுவுக்குக் கணு வேர் விட்டா பலம் சிதறிடும், வாரம் ஒருதரம் தூக்கிவிடுங்க. மீன் அமிலம் இதுக்கும் வேண்டாம்.

-----

மாடிப்பச்சை:

பழைய கலவை பற்றி மட்டும் பதில் விட்டுப்போய்விட்டது. கொட்டிவிடவா?

-----

மண்கிளறி:

கொட்ட வேண்டாம். முடிச்சு இல்லை என்பதால் நூற்புழு பயம் இல்லை. ஜல்லியையும் பழைய வேர்களையும் பொறுக்கி எடுத்துவிட்டு, சலித்து, நீர்மட்டம் சொன்னபடி அலசுங்கள். எரு ஏற்கெனவே மூன்றில் ஒரு பங்கு இருப்பதால் புதிதாக உரம் எதுவும் சேர்க்காமல் பருமணலும் கோகோபீட்டும் மட்டும் கூட்டுங்கள்: 10 லிட்டர் பழைய கலவைக்கு மணல் 2 லிட்டர், கோகோபீட் 3 லிட்டர். அதில் முதலில் பீட்ரூட் போடுங்கள். கேரட் அதற்கடுத்த சுற்றில், எரு முழுவதும் மட்கியபிறகு.

முடிச்சு இருந்திருந்தால் கலவையை நனைத்து 15 செ.மீ. கனத்துக்குப் பரப்பி, நிறமில்லாத பாலித்தீன் தாளால் ஓரம் அடைத்து மூடி, கடும் வெயிலில் 4 முதல் 6 வாரம் போட்டிருக்க வேண்டும். கறுப்புத் தாள் இதற்கு அவ்வளவு உதவாது, வெப்பம் தாளிலேயே தங்கிவிடும்.

வெயில் போதாது என்று சாம்பல்_சட்டி சொன்னதற்கு நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே. 7 முதல் 11 வரைதான் என்றால் பையை இன்னும் வெயில் படும் இடத்துக்கு நகர்த்தியாக வேண்டும். கலவை நிரப்புவதற்கு முன் நகர்த்துங்கள், நிரம்பி நனைந்த பை ஓர் ஆள் எளிதாகத் தூக்குகிற கனம் இல்லை.